சுமை இறங்கிய மாளிகை

டெல்லியில் நிஜாமுதீன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பெரிய தோட்டத்தின் நடுவே ஹுமாயூனின் கல்லறை மாளிகை நிற்கிறது. ஹுமாயூன் முகலாய அரசர். அக்பரின் தந்தை. அவர் 1556ஆம் ஆண்டு இறந்தார். 1570ஆம் ஆண்டு வாக்கில் இந்த மாளிகை உருவானது. சுவர்கள் சிவப்புக் கல். உச்சியில் வெள்ளைச் சலவைக்கல் குவிமாடம். தாஜ்மகாலுக்கு முன்பே எழுந்த கட்டடம் இது.

நானூறு ஆண்டுகளாக வெயிலும் மழையும் பட்டால் எந்தக் கட்டடமும் பழுதாகும். இதுவும் பழுதானது. கூரை ஒழுகியது. சென்ற நூற்றாண்டில் அதைச் சரிசெய்ய வந்தவர்கள் சிமெண்டைப் பயன்படுத்தினார்கள். ஒழுகிய இடத்தில் காங்கிரீட் போட்டார்கள். மறுபடியும் ஒழுகியது. அதன் மேலேயே மறுபடியும் போட்டார்கள். கூரையில் சுமைதான் ஏறியது. ஒழுகல் நிற்கவில்லை.

சிமெண்டு உறுதியானதுதானே? பிறகு ஏன் இப்படி?

பழைய சுவர் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. அதற்குள் ஈரம் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு எளிதில் விடாது. ஈரம் உள்ளேயே தங்கும். சுவரில் ஓதம் ஏறும். உப்புப் பூக்கும். பூச்சு பெயர்ந்து விழும். கடைசியில் கல்லும் உதிரும். புது வீட்டுக்குச் சிமெண்டு நல்லது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதுவே நோய்.

2007ஆம் ஆண்டு இந்த மாளிகையைச் சீர்செய்யும் பெரிய வேலை தொடங்கியது. இந்தியத் தொல்லியல் துறையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் சேர்ந்து செய்தன. டாடா அறக்கட்டளை பண உதவி செய்தது.

முதலில் பழைய தவறை நீக்க வேண்டியிருந்தது. கூரையிலிருந்து மட்டும் சுமார் பத்து லட்சம் கிலோ காங்கிரீட்டைப் பெயர்த்து இறக்கினார்கள். பத்து டன் ஏற்றும் லாரியானால் நூறு லாரிச் சுமை! சுவர்களில் இருந்த சிமெண்டுப் பூச்சையும் நீக்கினார்கள்.

பிறகு சுண்ணாம்பு வேலை நடந்தது. சுண்ணாம்பை நீற்றி, வெல்லப்பாகு, வில்வப்பழக் கூழ் போன்றவற்றைச் சேர்த்துச் சாந்து தயாரித்தார்கள். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது போலத்தான்.

மாளிகையின் மேலே உள்ள சிறு மண்டபங்களில் முன்பு வண்ண ஓடுகள் பதித்திருந்தார்கள். பல ஓடுகள் உதிர்ந்து போயிருந்தன. அதே மாதிரி ஓடு செய்யும் தொழில் இங்கே மறைந்துவிட்டது. எனவே உஸ்பெகிஸ்தான் நாட்டிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பு இளைஞர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள்.

கல் தச்சர், கொத்தனார் முதலானோர் செய்த வேலையைக் கணக்கிட்டால் சுமார் இரண்டு லட்சம் ஆள் நாள் வரும். 2013 செப்டம்பரில் மாளிகை புதுப்பொலிவுடன் மக்களுக்குக் காட்சி தந்தது.

வேறு நாடுகளிலும் இப்படி நடக்கிறது. பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் நோத்ருதாம் என்ற பழைய மாதா கோயில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் அதன் மரக்கூரை எரிந்து விழுந்தது. முன்னோர் செய்தது போலவே தச்சர்கள் ஓக் மரங்களைக் கோடாரியால் செதுக்கிப் புதுக் கூரை செய்தார்கள். 2024 டிசம்பரில் கோயில் மீண்டும் திறந்தது.

உங்கள் ஊரிலும் பழைய கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ, சத்திரமோ இருக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் பேச்சு வந்தால், "எதைக் கொண்டு கட்டியது?" என்று முதலில் கேளுங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் அவரை அழைத்துக் காட்டுங்கள். கூடவே இரண்டு இளைஞர்களையும் நிறுத்துங்கள். கட்டடமும் நிலைக்கும். தொழிலும் நிலைக்கும்.