வலசை

ஹௌராவில் சென்னை வண்டியேறும் நம்மவர், விசாகப்பட்டினத்துக்குச் சற்று முன்னே கொத்தவலசை என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். தெலுங்கில் ‘கொத்த’ என்றால் புதிய. ‘வலச’ என்றால் குடிபெயர்வு, குடியேற்றம். நம் வலசையே அது. கன்னடத்தாரும் ‘வலசெ’ என்பர்.

இச்சொல்லை நாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர் நம்மையெல்லாம் ‘வலசைப் பறவைகள்’ என்று வாழ்த்திப் பேசினார். கொல்கத்தாவிலேயே பிறந்த இளைஞர் ஒருவர் எழுந்து, “அப்படியானால் நாங்கள் திரும்பிப் பறப்பது எப்போது?” என்று கேட்டுவிட்டார். சபையில் விடை சொல்வாரில்லை.

அகராதியைப் புரட்டினோம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி (1924–1936), பகைப்படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதல் என்று பொருள் தருகிறது. 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாய் வந்த தமிழருக்கு இது முற்றும் பொருந்தும். உத்தியோக உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறிய நமக்குப் பொருந்துமோ?

பறவையியலார் இன்று இச்சொல்லைப் பறவைகளின் பருவப் பயணத்துக்கு வைத்துக்கொண்டனர். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இரு வகைப் பறவைகளைக் காணலாம். பட்டைத்தலை வாத்து குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வருகிறது, மேய்கிறது, போய்விடுகிறது. அது கூடு கட்டி முட்டையிடுவது திபெத், லடாக் முதலிய உயர்நிலத்து ஏரிக்கரைகளில்தான். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையுமோ இந்நாட்டுப் பறவைகள். பருவம் பார்த்து வந்து, வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவை மிரளாதிருக்க ஊரார் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை!

ஆக, கூடு எங்கோ அதுவே பறவைக்கு ஊர். இரைக்காக நெடுந்தொலைவு போவதே வலசை. அந்த இளைஞருக்குக் கூடு இங்கேதான். வலசை வந்தவர் அவருடைய பாட்டனார்.

இன்னொன்றும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் பிரப்பன்வலசை என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. ஈரோட்டில் பெரியவலசு இருக்கிறது. வலசு என்பதும் இச்சொல்லுக்கு உறவென்று கொள்வாருண்டு. என்றோ எவரோ வந்து தங்கியதை அப்பெயர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் அங்கே பிறந்தவர், தமக்குச் சொந்த ஊர் அதுவே என்று தயங்காமல் சொல்கிறார்.

நம் வீடுகளிலோ, பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்ற கோட்டுக்கு நேரே, தாமே பத்தாண்டாய் மிதிக்காத ஊரின் பெயரைத் தந்தையார் எழுதி நிரப்புகிறார். அடுத்த முறை பேனாவைப் பிள்ளையிடமே கொடுத்துப் பார்க்கலாம்.