தட்டில் வளரும் ஆலமரம்

கொல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேல்கரையிலுள்ள சிப்பூரில், ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் பெயர் தாங்கிய தாவரவியல் தோட்டத்தில் பேராலமரம் ஒன்று நிற்கின்றது. 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களால் ஊறுபட்டுப் பின்னர்க் காளான் நோய் பற்றிய அதன் அடிமரம், 1925இல் வெட்டியகற்றப்பட்டது. மரமோ மடியவில்லை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகள் அதனைத் தாங்கியும் ஊட்டியும் வருகின்றன. அதே ஆலின் விதை, பறவையின் எச்சத்தோடு நகரத்துப் பழைய வீடுகளின் சுவர் வெடிப்பில் விழுந்து முளைப்பதும் உண்டு. அத்தகைய கன்றைப் பெயர்த்து, நான்கு விரற்கடை ஆழமுள்ள தட்டில் நட்டுக் குறுக்கி வளர்த்தால் அது போன்சாய் ஆகும். தட்டில் நட்டது என்பதே இந்த ஜப்பானியச் சொல்லின் பொருள்.

மரம் குட்டையாயினும் அதன் வேர் ஓய்வதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேர்கள் தட்டின் ஓரத்தைச் சுற்றிப் பாய்போல் பின்னிக்கொள்கின்றன. மண்ணின் துளைகள் அடைபடுவதால், ஊற்றும் நீர் உட்செல்லாது வழிந்தோடுகிறது. மரம் வாடக் கண்டு புதிதாகப் பழகுவோர் மேலும் நீர் விடுவர், சிலர் உரமிடுவர். இரண்டாலும் பயனில்லை. மரத்தை வெளியே எடுத்து வேரைக் கத்தரித்து, மண்ணை மாற்றி நடுவதே வழி.

எந்த மண் ஏற்றது? கங்கையின் வண்டல் நெல்லுக்கு நல்லது. ஆழமற்ற தட்டுக்கு ஆகாது. இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். நீண்ட ஸ்பாஞ்சுத் துண்டொன்றை நீரில் தோய்த்துப் படுக்கைவாட்டில் பிடிக்க, சிறிது நேரத்தில் சொட்டுவது நிற்கும். பிறகு செங்குத்தாக நிறுத்தினால் மீண்டும் சொட்டும். அடியில் தேங்கி நிற்கும் நீரின் உயரத்தைத் துளைகளின் நுண்மையே வரையறுக்கிறது, பாத்திரத்தின் ஆழமன்று. ஆகவே ஆழமற்ற தட்டில் நுண்ணிய மண் பெரும்பகுதியும் சேறாகவே கிடக்கும். வேர் காற்றின்றி அழுகும். தூள் நீக்கிச் சலித்த செங்கற் பொடிக்கல், பருமணல், சிறிது மக்கிய இலையுரம் ஆகியவற்றின் கலவையே தக்கது.

ஆலினத்துக்கு வளர்ச்சி மிகும் வெப்பப் பருவமே உகந்தது. கொல்கத்தாவில் ஜூன் மாதம் மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் மிகுவதால், இலை இழக்கும் நீர் குறையும். தமிழகத்தில் கத்திரி வெயில் தணியும்வரை பொறுத்தல் நன்று. குளிர்மிகுந்த மார்கழி, தை மாதங்களில் தொடாதிருப்பதே மேல்.

முதல் நாள் நீர் விடாதிருந்தால் மண்கட்டி எளிதில் கழன்று வரும். மழுங்கிய குச்சியால் வேர்களை ஓரத்திலிருந்து சிக்கெடுத்து, மூன்றிலொரு பங்குக்கு மிகாமல் நறுக்குக. கீழ்நோக்கித் தடித்தோடும் வேரைக் குறைக்கத் தயங்க வேண்டுவதில்லை. மெல்லிய சல்லிவேர்களே நீரை உறிஞ்சுவன, அவற்றைக் காத்தல் வேண்டும். வெளிப்பட்ட வேர் உலரலாகாது, ஈரத்துணி போர்த்துக. வெட்டுவாயில் கசியும் பால் தானே நின்றுவிடும். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறைத்தல் முறை.

தட்டின் துளைமீது வலைத்துண்டு வைத்து, அத்துளை வழியே கம்பியைச் செலுத்தி மரத்தைக் கட்டுக. இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். காற்றில் மரம் அசையுந்தோறும் புதிதாக விட்ட வேர் நுனிகள் அறுந்துபோம். கலவையை இட்டு, இடைவெளி நில்லாதவாறு குச்சியால் குத்தி நிரப்பி, அடியில் தெளிந்த நீர் வரும்வரை பூவாளியால் நனைக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் நிழல். ஒரு மாதம் கழிந்து, புதுத்துளிர் கண்டபின் உரம். நறுக்கிய கிளைகளை எறியாது மணலில் ஊன்றி வைத்தால், அவற்றிற் சில வேர்விட்டு மாணாக்கருக்குப் புதுக் கன்றுகளாகும்.