ஜவ்வாது மலை மலையாளிகளின் பரியம்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய பகுதிகளிலும் ஏலகிரியிலும் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் ஆவர். பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தவர் என எண்ணிவிடக் கூடாது. மாணவர்கள் பலர் அப்படித்தான் விடை எழுதுகிறார்கள். இவர்களின் தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழி மரபு.

அத்தை மகள், மாமன் மகள் உறவில் பெண் எடுப்பது சமவெளியிலும் உண்டு. ஆனால் மலையில் மணமகன் வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பொருள் தர வேண்டும். தானியமாகவும் பணமாகவும் தரப்படும் இதற்குப் பரியம் என்று பெயர். இதைப் பெண்ணுக்கு வைக்கும் விலை என்பது சரியன்று. சாமை விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என மலை வேளாண்மையில் பெண்ணின் உழைப்பு பெரும்பங்கு. மகளை அனுப்பும் வீடு அந்த உழைப்பை இழக்கிறது; பரியம் அதற்கு ஈடு. தென்னாப்பிரிக்காவில் மாடுகளாகக் கொடுக்கப்பட்டு வந்த 'லோபோலா'வும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பேச்சு முடிப்பதிலும் பிணக்குத் தீர்ப்பதிலும் ஊர்க்கவுண்டர், நாட்டார் ஆகியோருக்கு முக்கிய இடம் உண்டு. மணமுறிவையும் கைம்பெண் மறுமணத்தையும் சமூகம் ஏற்கிறது. மணமுறிவின்போது பரியத்தைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு எழும். சமவெளியில் பல சாதிகள் கைம்பெண்ணை முடக்கி வைத்திருந்த காலத்திலும் மலையில் இந்த வழி திறந்திருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று சமவெளித் தொடர்பு பெருகியதால் சில குடும்பங்களில் பரியம் சுருங்கி, வரதட்சணை நுழைந்துள்ளது. பொருள் போகும் திசையே மாறிவிட்டது. இதை நாகரிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்ட நிலையும் பலருக்குத் தெரிவதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 2(2)இன்படி, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எனவே இவர்களின் திருமணமும் மணமுறிவும் வழக்காற்றைச் சார்ந்தே நிற்கின்றன. வழக்கு என்று வந்தால் அந்த வழக்காற்றை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். எழுத்துச் சான்று இல்லாத பெண்ணுக்கு இது கடினம். ஆனால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இத்தகைய விலக்கு இல்லை; பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயது வரம்பு மலைக்கும் உண்டு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எந்தத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊர்க்கவுண்டர் முன்னிலையில் நடந்த திருமணமும் இதில் அடங்கும்.