பெரிய கோணத்துக்கு எத்தனை இலக்கம் ‘பை’ வேண்டும்?

இன்று திங்கட்கிழமை என்றால் ஆயிரம் நாள் கழித்து என்ன கிழமை? ஆயிரத்தை ஏழால் வகுத்தால் மீதி ஆறு, ஆகவே ஞாயிறு. எத்தனை வாரம் ஓடியது என்பது தேவையில்லை, மீதிதான் விடை. கணினியின் கணித நூலகம் சைன், கொசைன் மதிப்புகளைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். கோணத்திலிருந்து சுற்றுகளையும் கால் சுற்றுகளையும் கழித்துவிட்டு, மிஞ்சும் சிறு கோணத்துக்கு மட்டும் ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிடும். அந்த முதல் படிக்குப் பெயர் வீச்சுக் குறைப்பு.

ஏழு முழு எண் என்பதால் கிழமைக் கணக்கில் தொல்லை இல்லை. ரேடியனில் ஒரு சுற்று என்பது 2 பை. பையின் இலக்கங்களோ முடிவதே இல்லை. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் அடங்கும். அதில் சேமித்த பை, உண்மையான பையைவிட 0.00000000000000012 அளவுக்குக் குறைவு. சிறிய கோணத்துக்கு இது பொருட்டல்ல. 1-க்குப் பின் 22 சுழியம் போட்ட எண்ணுக்கு சைன் கேட்டுப் பாருங்கள்: அத்தனை அரைச் சுற்றிலும் இந்தச் சிறு பிழை சேர்ந்து சுமார் 3.9 லட்சம் ரேடியன் ஆகிவிடும். ஒரு சுற்றே 6.28 ரேடியன்தான் எனும்போது, வரும் விடைக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இருக்காது.

பெரிய எண்ணில்தான் இந்த ஆபத்து என்றும் இல்லை. கணினியில் சேமித்த பைக்கு சைன் கேட்டால், உண்மைப் பையிலிருந்து அது எவ்வளவு குறைகிறதோ அதுவே விடையாக வர வேண்டும்: 1.2246467991473532-ஐ 10-இன் 16-ஆம் அடுக்கால் வகுத்த எண். இன்டெல் செயலிகளின் பழைய சைன் கட்டளை 1.2246063538223773 என்று தொடங்கும் எண்ணைத் தந்தது. முதல் ஐந்து இலக்கம் மட்டுமே சரி. அந்தக் கட்டளைக்குள் இருந்த பை 66 பிட்தான். இன்டெலின் கையேடோ பிழை மிகமிகச் சிறியது என்பதுபோல் எழுதியிருந்தது. 2014-இல்தான் அந்தக் கையேட்டைத் திருத்தினார்கள்.

தீர்வு 1983-லேயே வந்துவிட்டது. மேரி பெய்ன், ராபர்ட் ஹானெக் இருவரும் தந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கோணத்தை 2/பை என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அப்போது கோணத்தில் எத்தனை கால் சுற்று என்பது கிடைக்கும்; அதில் 4-இன் மடங்குகளாக வரும் பகுதி எல்லாம் முழுச் சுற்று. அதைக் கணக்கிடவே வேண்டாம். ஆகவே 2/பையின் முன் இலக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நடுவில் தேவையான சில பிட்டுகளை மட்டும் எடுத்தால் போதும். எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உள்ளே போய் எடுக்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட நூலகத்தில் இதற்காக 2/பையின் 476 தசம இலக்கம் அட்டவணையாகவே இருக்கிறது.

“10-இன் 22-ஆம் அடுக்குக்கு சைன் யாருக்கு வேண்டும்? அங்கே அடுத்தடுத்த இரண்டு மிதவைப் புள்ளி எண்களுக்கு இடையே 20,97,152 இடைவெளி இருக்கிறதே” என்று கேட்பார்கள். இடைவெளி உண்மைதான். ஆனால் வந்த எண் தோராயமா, துல்லியமா என்று நூலகத்துக்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்கும் உரிமையும் அதற்கு இல்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடை சொல்வதே அதன் வேலை. அப்போதுதான் ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு விடை சொல்லாமல் இருக்கும்.

நீங்கள் பயன்படுத்தும் நிரல் மொழியில் 10-இன் 22-ஆம் அடுக்குக்கு சைன் கேட்டுப் பாருங்கள். விடை −0.8522008497671888 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால், அந்த நூலகத்தை நம்பிப் பெரிய கோணங்களைக் கணக்கிடாதீர்கள்.