2147483647: ஒரு பகா எண்ணின் கதை

'சி' புரோகிராமில் 32 பிட் 'இன்ட்' வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647 என்று லேபில் எழுதிக்கிட்டோம். அது ஒரு பகா எண் என்று எனக்கு யாரும் சொல்லலை!

31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது இது. பகா எண்தான் என்று 1772-ல் காட்டியவர் ஆய்லர், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட காலத்தில்! இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். எல்லாத்தாலும் வகுத்துப் பார்க்க முடியுமா? இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தே தீரணும். அப்படிச் சலித்தால் மிஞ்சுவது சுமார் 370 எண்கள். அதிலும் பகா எண்களைப் பார்த்தால் போதும். ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சலிப்புதான்.

கம்ப்யூட்டர் எல்லையாக இருப்பதால் பகா எண் ஆகிவிடாது. 16 பிட்டின் எல்லை 32767. அதை 7 வகுத்துவிடும்.

பழைய கருவிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8.44-க்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த வினாடி மைனஸில் போய், தேதி 1901 டிசம்பர் என்று காட்டும். அன்றைக்கு அந்த மெஷின்கள் பக்கத்தில் டூட்டியில் நிற்கப்போவது நம்ம செட்தான். 64 பிட்டுக்கு மாற்றிய கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.