சமைக்கத் தெரியும், விருந்து வைக்க முடியவில்லை!

கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுகிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது, நடுவே நாமும் டைப் செய்கிறோம். எந்த வேலைக்கு எப்போது பிராசஸரைக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்வது ஆபரேட்டிங் சிஸ்டம். நம் தலைக்குள் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று தேடியபோதுதான் ரூத் பற்றிப் படித்தேன்.

மாண்ட்ரீல் நகரின் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டின் அக்கா இவர். 1928-ல் மூளையில் கட்டி என்று தெரிந்தது. தம்பியே கத்தியை எடுத்தார். வலப்பக்க நெற்றி மடலில் பெரும்பகுதியை அகற்றியும் கட்டி முழுதாக வரவில்லை.

ரூத் பிழைத்தார். நன்றாகப் பேசினார், சிரித்தார். 15 மாதங்கள் கழித்துத் தம்பியை விருந்துக்கு அழைத்தார். வீட்டார் நான்கு பேர், விருந்தாளி ஒருவர், எளிய சமையல்தான். தயார் செய்ய நாள் முழுக்க இருந்தது. ஆனால் தம்பி வந்தபோது பொருள்கள் எல்லாம் சமையலறையில் அப்படியே இருந்தன. அடுப்பில் ஒன்றிரண்டு பாத்திரங்கள். சாலட் தயாரில்லை, இறைச்சியைத் தொடவே இல்லை. நடுவில் ரூத் குழம்பிப்போய் நின்றார். கூட ஒருவர் கைகொடுத்ததும் சமையல் சட்டென்று முடிந்துவிட்டது!

நம் பாஷையில் சொன்னால், புரோகிராம்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. எதை முதலில் ஓட்டுவது, எதை நிறுத்தி வைப்பது என்று வரிசைப்படுத்தும் ஆள்தான் இல்லை. (உவமையை அதிகம் இழுக்காதீர்கள். நெற்றி மடல் தனிச் சிப் அல்ல. மூளையின் மற்ற பகுதிகளோடு சேர்ந்துதான் இயங்குகிறது.)

பல் துலக்குவது போன்ற பழகிய வேலைகள் தாமாகவே ஓடும். புதிய அல்லது சிக்கலான வேலைக்குத்தான் மேற்பார்வையாளர் தேவை என்று பின்னாளில் விளக்கியவர்கள் டொனால்ட் நார்மனும் டிம் ஷாலிஸும். இந்த நார்மன்தான் 1990-களில் ஆப்பிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். எனக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை.

1991-ல் ஷாலிஸும் பால் பர்கெஸும் நெற்றி மடல் பாதிக்கப்பட்ட மூவரைப் பட்டியலோடு கடைவீதிக்கு அனுப்பினார்கள். மூவரும் அறிவுத்திறன் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். கடைவீதியில் தடுமாறினார்கள். மேஜை முன் உட்கார வைத்து வைக்கும் தேர்வில் எந்தக் கேள்வி, எவ்வளவு நேரம் என்பதைத் தேர்வு வைப்பவரே சொல்லிவிடுகிறார் அல்லவா?

ரூத் 1931-ல் இறந்தார். அந்த விருந்தைப் பற்றி, ஒரு நோயாளியின் குறிப்பாக, பென்ஃபீல்ட் 1935-ல் மருத்துவ இதழில் எழுதினார்.