கச்சேரி மேடையில எல்லாரும் சின்னப்பாதான்... முகம்தான் தெரியல!

'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்துல ஒரு கச்சேரி காட்சி வரும். பாடுறவர் பி.யு.சின்னப்பா. மிருதங்கம் வாசிக்கிறவரும் அவரே. மற்ற பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்தால், அங்கேயும் அவரே! கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்து வித்தை இது. ஆனா, இன்னிக்கு அதை போன்ல தேடிப் பாருங்க. வெள்ளையா ஒரு திட்டு தெரியும். அதுதான் சின்னப்பா முகம். பாட்டுக்குப் பின்னாடி மழை பெய்யுற மாதிரி இரைச்சல் வேற.

'பி.யு.'வில் முதல் எழுத்தே புதுக்கோட்டைதான். தமிழில் இரட்டை வேடத்துக்கு வழிகாட்டிய 'உத்தம புத்திரன்' (1940) நாயகன், 1951-ல் 35 வயதிலேயே சொந்த ஊரில் காலமானார். இருப்பது சில படங்கள்தான். அதுவும் இப்படியா?

பிலிமிலிருந்து டேப், டேப்பிலிருந்து விசிடி, அதிலிருந்து இணையம் என நகலுக்கு நகல் எடுத்தால் தெளிவு போய்க்கொண்டே இருக்கும். விசிடியின் அளவே 352x288 புள்ளிகள்தான். பெரிய டிவியில் போட்டால் வேறு எப்படித் தெரியும்?

இன்னொரு சிக்கல், சட்டம். இந்தியாவில் ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அப்படியென்றால் சின்னப்பா படங்கள் இப்போது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். நல்லதுதானே என்று தோணும். ஆனா, பணத்தைக் கொட்டி ஒருவர் சீரமைத்தால், மறுநாளே நாலு சேனல் அதை எடுத்துப் போட்டுவிடும். அப்புறம் யார் செலவு பண்ணுவாங்க?

சீரமைக்கப்பட்ட படங்களின் கதையே வேறு. 'கர்ணன்' டிஜிட்டலில் மெருகேறி 2012-ல் தியேட்டருக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான உதய் சங்கரின் நடனப் படம் 'கல்பனா' (1948), மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பால் சீரமைக்கப்பட்டு 2012-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 2022-ல் புளூ-ரேயாகவும் வந்தது. அதுவும் அதே காலத்துப் படம்தான்!

சீரமைக்க முதலில் பிலிம் கையில் இருக்கணும். தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவரா? பரணில் ரீல் பெட்டி கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீங்க. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும். வெயில், அடுப்பு பக்கம் கொண்டுபோக வேண்டாம். புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்க.